ஞானஸ்நானத்துக்குப் பிந்திய வனாந்தரம்: சாது சுந்தர் சிங்கின் சோதனைகள்

யோர்தான் நதியில் ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறிய இயேசு அடுத்துச் சென்ற இடம் வனாந்தரம். மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூன்று சுவிசேஷங்களும் இந்த வரிசையில் ஒன்றுபடுகின்றன. லூக்கா இடையே ஒரு வம்ச அட்டவணையைச் செருகுகிறார். மாற்கு இரண்டே வசனங்களில் செய்தியை முடித்துவிடுகிறார். ஆயினும் வரிசை மாறுவதில்லை. வானத்திலிருந்து குரல் கேட்ட பிறகே சோதனைக்காரன் வருகிறான். அவன் காட்டும் பொருள்களும் கவனத்துக்குரியவை: பசித்தவனுக்கு அப்பம், தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதித்தால் தேவதூதர் தாங்குவர் என்னும் வாக்கு, உலகத்தின் ராஜ்யங்கள். இவற்றுள் முதலிரண்டு வெளித்தோற்றத்தில் பாவமே இல்லை. பசித்தவன் அப்பம் உண்பதில் என்ன தவறு?

தமிழில் 'சோதனை' என்ற சொல் பரீட்சையையும் குறிக்கும். ஆசைகாட்டி இழுப்பதையும் குறிக்கும். இந்த இரட்டைப் பொருள் தற்செயலாக அமைந்ததாயினும் சுவிசேஷக் காட்சிக்கு மிகவும் பொருந்துகிறது. ஆதித் திருச்சபையும் இதை அறிந்திருந்தது. 387ஆம் ஆண்டு மிலான் நகரில் ஞானஸ்நானம் பெற்ற அகுஸ்தீன், சுமார் பத்தாண்டுகள் கழித்துத் தம் வாழ்வை எழுதியபோது, மனமாற்றத்தோடு நூலை நிறுத்திக்கொள்ளவில்லை. பத்தாம் பகுதியில், பேராயராக இருக்கும் நிலையிலும் தம்மை இன்னும் பற்றியிழுக்கும் ஆசைகளை ஒவ்வொன்றாக ஆராய்கிறார். உணவின் சுவை, பாடலின் இனிமை, பிறர் புகழ்ச்சி என அந்த ஆய்வு நீள்கிறது. வாசலைக் கடந்தவனுக்கே அந்த வாசலுக்குரிய சோதனை என்பது அவர் கண்ட அனுபவம்.

இந்திய மண்ணில் இந்த அனுபவத்தை ஒரு மனிதரின் வாழ்வில் படிப்படியாகப் பின்தொடர முடியுமென்றால், அவர் சாது சுந்தர் சிங். அவரைப் பற்றித் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் கேட்டறியாதவர் குறைவு. ஆனால் அங்கே சொல்லப்படும் கதை பெரும்பாலும் அற்புதங்களின் கதை. சோதனைகளின் கதை அதைவிட அமைதியானது. வரலாற்று மாணவருக்கு அதுவே பயனுள்ளது.

சுந்தர் சிங் 1889 செப்டம்பர் 3ஆம் நாள், அன்றைய பட்டியாலா சமஸ்தானத்தைச் சேர்ந்த ராம்பூர் கிராமத்தில், வசதியான சீக்கியக் குடும்பமொன்றில் பிறந்தார். தாயார் ஆழ்ந்த பக்தி கொண்டவர்; மகன் ஒருநாள் சாதுவாக வேண்டுமென்று விரும்பியவர். மகனின் பதின்ம வயதிலேயே அவர் மறைந்தார். அந்த இழப்பின் கசப்பு மிஷன் பள்ளியின் மீதும் அங்கே கற்பிக்கப்பட்ட வேதத்தின் மீதும் திரும்பியது. 1904 டிசம்பரில் சுவிசேஷப் புத்தகத்தைப் பகிரங்கமாகத் தீயிட்ட அந்தச் சிறுவன், சில நாள்களில், விடியுமுன் ஓடும் ரயிலின் முன் உயிரை விடுவதென்ற முடிவோடு இரவெல்லாம் விழித்திருந்தான். விடிவதற்குள் கிறிஸ்துவின் தரிசனம் கண்டதாக அவர் ஆயுள் முழுவதும் சாட்சி சொன்னார்.

அதற்குப் பின் நடந்தவை வாழ்க்கை வரலாறுகளில் விரிவாக உள்ளன. அவருடைய சிற்றப்பா ஒருவர் அவரைத் தம் வீட்டின் நிலவறைக்கு அழைத்துச் சென்று, பெட்டகத்தைத் திறந்து பணத்தையும் நகைகளையும் காட்டி, வீட்டிலேயே இருந்தால் அத்தனையும் உனக்கே என்றார். பிறகு தம் தலைப்பாகையைக் கழற்றி அந்தச் சிறுவனின் காலடியில் வைத்தார். பஞ்சாபில் தலைப்பாகை என்பது மானம். ஒரு பெரியவர் அதைப் பிள்ளையின் காலில் வைப்பதன் கனம், பெட்டகத்தில் இருந்த செல்வத்தைவிடக் கூடியது. நாபா அரசரின் முன்னிலையிலும் குலப்பெருமை சொல்லி அறிவுரை கூறப்பட்டது. சுந்தர் சிங் தம் கேசத்தை வெட்டிக்கொண்டார். தந்தை அவரை வீட்டைவிட்டு விலக்கினார். கடைசியாக வீட்டில் உண்ட உணவில் நஞ்சு கலந்திருந்தது என்றும், ரோப்பரில் ஒரு கிறிஸ்தவப் போதகரின் வீட்டை அடைந்து உயிர் தப்பினார் என்றும் வரலாறுகள் கூறுகின்றன.

இவையெல்லாம் வாசலுக்கு வெளியே நிகழ்ந்தவை. எதிரி யார் என்பது இங்கே தெளிவு; ஆம் அல்லது இல்லை என்று சொல்லிவிடலாம். பதினைந்து வயதுச் சிறுவனுக்கு அந்தத் தெளிவு ஒருவகையில் உதவியாகவே இருந்திருக்கும். உள்ளே நுழைந்த பின் வந்தவற்றுக்கு இந்த வசதி இல்லை.

1905 செப்டம்பர் 3, அவருடைய பதினாறாவது பிறந்தநாள். அன்று சிம்லாவின் புனித தோமா ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார். முப்பத்து மூன்று நாள் கழித்து, அக்டோபர் 6ஆம் நாள், காவி உடுத்தினார். கையில் காசில்லை, காலில் செருப்பில்லை. அந்தக் காலத்து வட இந்தியக் கிறிஸ்தவச் சூழலில் இது எவ்வளவு பெரிய மீறல் என்பதை இன்று உணர்வது கடினம். மதம் மாறியவர் மிஷன் வளாகத்துக்குள் குடியேறுவதும், மிஷன் பணியில் சேர்வதும், உடையிலும் உணவிலும் மெல்ல மெல்லத் துரைமாரை ஒத்துப்போவதும் வழக்கமாயிருந்தது. காவியுடுத்த கிறிஸ்தவனை ஊரார் உபசரித்து உட்காரவைப்பர். அவன் யார் பெயரைச் சொல்கிறான் என்று தெரிந்ததும் விரட்டுவர். திருச்சபையாருக்கோ அந்த உடையே உறுத்தல். இரு பக்கமும் இடமில்லாத நிலையைத்தான் அந்தப் பதினாறு வயது இளைஞர் தேர்ந்தார்.

வீட்டை விட்டபோது வராத ஏக்கம் இப்போது வந்தது. பசியும் தாகமும் வாட்டிய நாள்களில், இந்தச் சாது வாழ்வை விட்டுவிட்டு வீடு திரும்பலாம், மணம் செய்துகொள்ளலாம், வசதியாக வாழ்ந்துகொண்டே நல்ல கிறிஸ்தவனாகவும் இருக்கலாமே என்ற எண்ணம் அடிக்கடி எழுந்ததைப் பிற்காலத்தில் அவரே ஒளிவின்றிச் சொல்லியிருக்கிறார். அந்த எண்ணத்தை அவர் பாவமென்று தள்ளவில்லை. பிறருக்கு அது சரியான வாழ்வே. தமக்கு வந்த அழைப்பு வேறு என்பதே அவர் கண்ட விடை. இந்த வேறுபாடு நுட்பமானது. அப்பம் கெட்டதல்ல, அந்த நேரத்தில் அந்த ஆளுக்கு அது பாதைவிலக்கு.

இந்த விடை வெறும் சொல் அல்ல என்பதற்குச் சான்று அவருடைய தோழர் ஒருவரின் வாழ்விலேயே இருக்கிறது. பிலடெல்பியாவின் செல்வக் குடும்பத்தில் பிறந்து, 1904இல் இந்தியா வந்து, சபாத்துவில் தொழுநோயாளரிடையே பணிசெய்த சாமுவேல் ஸ்டோக்ஸ், பிரான்சிஸ்கன் துறவியர் பாணியில் ஏழ்மையை மேற்கொண்டவர். இளம் சுந்தர் சிங் அவரோடு சேர்ந்து மலைநாட்டில் நடந்தார். 1910இல் ஸ்டோக்ஸும் நண்பர்களும் இயேசுவைப் பின்பற்றும் சகோதரத்துவம் ஒன்றை அமைத்தனர். ஆனால் விரைவிலேயே ஸ்டோக்ஸ் அதிலிருந்து விலகி, 1912இல் மலைநாட்டு இந்தியக் கிறிஸ்தவப் பெண்ணை மணந்து, கோட்கரில் நிலம் வாங்கிக் குடியானார். அமெரிக்க ஆப்பிள் வகைகளைக் கொண்டுவந்து நட்டார். இன்றைய இமாசலத்தின் ஆப்பிள் பொருளாதாரத்துக்கு அந்தத் தோட்டமே வித்து. பின்னாளில் விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றார். 1932இல் இந்து சமயம் தழுவிச் சத்தியானந்த் ஆனார். துறவியாகவே இருந்து தனியே மேன்மை தேடுவதைவிட, அம்மக்களுள் ஒருவராகிவிடுவதே நேர்மை என்று அவர் எண்ணியிருந்தார். சுந்தர் சிங்குக்குச் சோதனையாக வந்த வீடும் குடும்பமும், ஸ்டோக்ஸுக்கு அழைப்பாக வந்தன. இருவரில் ஒருவரை வென்றவரென்றும் மற்றவரை வீழ்ந்தவரென்றும் எழுதும் வரலாறு மிக மலிவானது.

அடுத்த வாசல் லாகூரில் திறந்தது. 1909 இறுதியில் அங்கிருந்த புனித யோவான் இறையியல் கல்லூரியில் சுந்தர் சிங் சேர்ந்தார். ஆங்கிலிக்கன் குருத்துவம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பேராயர் லெப்ராயின் நல்லெண்ணமும் இருந்தது. பிரசங்கிக்கும் உரிமப் பத்திரமும் கிடைத்தது. ஆனால் குருவாகிவிட்டால் காவி நீங்க வேண்டும். மறைமாவட்டத்துக்குள் அடங்க வேண்டும். பிற சபைகளில் விருப்பம்போல் பேச முடியாது. 1908இல் முதன்முறை சென்றுவந்த திபெத்துக்கு மீண்டும் செல்லவும் அனுமதி கேட்க வேண்டும். பாதுகாப்பும் மரியாதையும் ஒருபுறம், கால்நடைப் பயணம் மறுபுறம். சில மாதங்களிலேயே கல்லூரியை விட்டு வெளியேறினார். உரிமப் பத்திரத்தையும் திருப்பிக் கொடுத்தார். பேராயர் லெப்ராய் கோபிக்கவில்லை, அவர் மனத்தைப் புரிந்துகொண்டார் என்பது அந்தப் பேராயரின் பெருந்தன்மைக்குச் சான்று.

பிறகு வந்தது காடு. 1913இன் தொடக்கத்தில், ஹரித்வாருக்கும் டேராடூனுக்கும் இடைப்பட்ட வனத்தில், ஆண்டவரைப் போலவே நாற்பது நாள் உபவாசம் இருப்பதென்று சுந்தர் சிங் முடிவுசெய்தார். நண்பர்கள் தடுத்தும் கேட்கவில்லை. நாள்களைக் கணக்கிட நாற்பது கூழாங்கற்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். நாளுக்கு ஒரு கல்லை எடுத்தெறிவது திட்டம். சில நாள்களில் கல்லை எடுக்கவும் கையில் வலுவில்லாமற் போயிற்று. பார்வை மங்கியது, கணக்கும் தவறியது. மூங்கில் வெட்ட வந்தவர்கள் அவரைக் கண்டு, கம்பளியில் சுமந்து ஊர் சேர்த்தனர். டேராடூன் அருகிலிருந்த கிறிஸ்தவர்கள் பராமரிக்க, உடல் மெல்லத் தேறியது.

இந்த உபவாசத்தை வெறும் தீவிர பக்தியின் செயலாகக் கடந்துவிடலாகாது. அவரை அங்கே கொண்டுசென்றது ஒரு ஐயம். எட்டாண்டுகளாக உள்ளத்தில் இருந்த அமைதி உண்மையிலேயே கடவுளிடமிருந்து வருகிறதா, அல்லது இளமையும் உடல்வலுவும் தரும் சொந்த நிறைவுதானா என்ற கேள்வி அவரை அரித்தது. இந்தக் கேள்வி மிக நவீனமானது. இருபதாம் நூற்றாண்டு உளவியல் கேட்க வேண்டியதை அவரே தம்மிடம் கேட்டார். உடல் முற்றிலும் தளர்ந்தபோதும் அமைதி குறையாமல் கூடியதென்றும், ஆகவே அது தம் உடலின் விளைவன்று என்று தெளிந்ததாகவும் அவர் பிற்பாடு விளக்கினார். மற்றொரு பயனையும் சொன்னார். அதுவரை நெடுநேரம் பேசிக் களைத்த பிறகும் மக்கள் வந்து கேள்வி கேட்டால் எரிச்சல் வருமாம். உபவாசத்துக்குப் பின் அது விட்டுப்போயிற்றாம். தரிசனங்களைவிட இந்தச் சிறு தகவல் நம்பகமானது. புகழுக்காகச் சொல்பவர் தம் சிடுசிடுப்பை ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஆனால் அந்த வனத்திலிருந்து சுந்தர் சிங் மட்டும் திரும்பி வரவில்லை. ஒரு எண்ணும் கூடவே வந்தது. எத்தனை நாள் உபவாசம் இருந்தார் என்பது அவருக்கே தெரியாது. கற்களின் கணக்கு நின்றுபோன இடத்தில் நினைவும் நின்றுபோயிற்று. நாள்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்த பிற்கால ஆய்வாளர்கள் நாற்பதுக்கு மிகவும் குறைவான எண்ணையே அடைந்தனர். எனினும் மேடைகளில் 'நாற்பது நாள் உபவாசம்' என்றே பேசப்பட்டது. இதற்கிடையில் அவர் இறந்துவிட்டதாக நண்பர்களுக்குத் தந்திகள் சென்று, இரங்கல் செய்திகளும் வெளியாகிவிட்டன. உயிரோடு திரும்பியவரின் மேல் விழுந்த வெளிச்சம் முன்னிருந்ததைவிடப் பன்மடங்கு. அப்பத்தின் சோதனையை வெல்லப் போனவர், உப்பரிகையின் மேல் நிறுத்தப்பட்டார்.

அந்த உப்பரிகையிலிருந்து கீழே தெரிந்த கூட்டத்தில் தமிழரும் உண்டு. 1918இல் சுந்தர் சிங் தென்னாட்டுக்கு வந்தார். சென்னையிலும், பம்பை ஆற்று மணலில் கூடும் மாராமண் கன்வென்ஷனிலும், திருநெல்வேலிச் சீமையிலும், இலங்கையிலும் மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டனர். காவியுடுத்து, வெறுங்காலோடு, மொழிபெயர்ப்பாளர் துணையுடன் உவமை உவமையாகப் பேசிய அந்த உயரமான பஞ்சாபி இளைஞருக்கு அப்போது வயது இருபத்தெட்டு. அவர் கால் பட்ட இடத்தையும் அங்கியின் ஓரத்தையும் தொட மக்கள் முண்டியடித்தனர்.

இலங்கையில் நடந்த ஒரு நிகழ்ச்சி தனிக் கவனம் பெறத்தக்கது. மருத்துவர்கள் கைவிட்ட ஒரு சிறுவனுக்காகத் தாய் வந்து மன்றாடினாள். கை வைத்து ஜெபிக்க வேண்டுமென்றாள். தம் கையில் எந்த வல்லமையும் இல்லை என்று அவர் மறுத்தார். தாயின் கண்ணீர் கண்டு பிறகு ஜெபித்தார். சிறுவன் பிழைத்தான். உடனே ஊரெங்கும் பேச்சு; நோயாளிகளோடு கூட்டம். தாம் சொல்ல வந்த செய்தியை மறந்துவிட்டு மக்கள் தம் கையையே பார்க்கிறார்கள் என்று கண்ட சுந்தர் சிங், இனி இவ்வாறு கை வைத்து ஜெபிப்பதில்லை என்று முடிவெடுத்தார். சுகமளிக்கும் கூட்டங்களின் விளம்பரத் தட்டிகள் நெடுஞ்சாலை நெடுகிலும் நிற்கும் இன்றைய நாளில், இந்த முடிவைப் படிக்கையில் சற்று நிற்கத் தோன்றும்.

இத்தனை மரியாதை கிடைக்கும்போது பெருமை வராதா என்று அவரிடம் கேட்கப்பட்டது. எருசலேமுக்குள் இயேசுவைச் சுமந்துபோன கழுதையை அவர் உவமையாகச் சொன்னார். வழியில் விரிக்கப்பட்ட வஸ்திரங்கள் தனக்கென்று அந்தக் கழுதை நினைத்திருந்தால் அதைவிட மடமை உண்டோ என்பது அவர் பதில். அழகான பதில்தான். எனினும் கழுதைக்கு வாழ்க்கை வரலாறு எழுத யாரும் முன்வருவதில்லை. சுந்தர் சிங்குக்கு எழுதினார்கள். 1920இல் இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று பயணம் நீண்டது. அந்தப் பயணத்துக்கான செலவைத் தந்தவர், பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வீட்டைவிட்டு விலக்கிய அதே தந்தை. அவரும் அதற்குள் கிறிஸ்தவராகியிருந்தார். 1922இல் சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, சுவீடன் முதலிய நாடுகள். போரில் சிதைந்திருந்த ஐரோப்பா, சுவிசேஷப் பக்கங்களிலிருந்து எழுந்து வந்தவர்போல் தோன்றிய ஒருவரைக் காண ஏங்கியிருந்தது.

உச்சத்தில் நிற்கும்போதுதான் கேள்விகள் பிறந்தன. கயிலைமலைச் சாரலில் முந்நூறு வயதுக்கு மேற்பட்ட கிறிஸ்தவ மகரிஷி ஒருவரைக் கண்டதாகவும், திபெத்தில் பிணங்கள் குவிந்த கிணற்றில் தள்ளப்பட்டு அதிசயமாக மீட்கப்பட்டதாகவும் அவர் சொன்னவற்றுக்கு வேறு சாட்சி இல்லை. இந்தியாவில் இயேசு சபையின் ஹோஸ்டன் பாதிரியாரும், சுவிட்சர்லாந்தில் பிராய்டின் நண்பரான ஆஸ்கர் பிஸ்டரும் அவருடைய கூற்றுகளைக் கடுமையாக ஆராய்ந்து மறுத்தனர். மார்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரீட்ரிக் ஹைலர் அவருக்காக நூல் மேல் நூலாக வாதாடினார். 'அப்போஸ்தலனா, ஏமாற்றுக்காரனா' என்பதே விவாதத்தின் தொனியாயிற்று.

இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும் என்பதில்லை. இந்த விவாதத்தில் மிகவும் நிதானமான குரல் ஒரு தமிழருடையது. பாளையங்கோட்டையில் பிறந்து, ஆக்ஸ்போர்டில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஏ. ஜே. அப்பாசாமி, ஸ்ட்ரீட்டர் என்ற அறிஞரோடு சேர்ந்து 1921இல் 'சாது' என்ற நூலை வெளியிட்டார். தாம் அவருடன் நேரில் உரையாடிக் குறித்துக்கொண்டவற்றின் அடிப்படையில் எழுதப்பட்டதால் அந்நூல் இன்றும் முதன்மைச் சான்றாக நிற்கிறது. மேலே சொன்ன வீட்டு ஏக்கம், ஐயம், எரிச்சல் ஆகியவை பலவும் அதன்வழி நமக்குக் கிடைப்பவையே. பிற்காலத்தில் கோயம்புத்தூர்ப் பேராயரான அப்பாசாமி, 1958இல் சுந்தர் சிங்கின் முழு வரலாற்றையும் எழுதினார். அவர் காட்டும் மனிதர் பொய்யர் அல்லர். ஆனால் தரிசனத்தில் கண்டதையும் கண்ணால் கண்டதையும் ஒரே குரலில் சொல்லக்கூடியவராக வாசகருக்குத் தோன்றினால் அதில் வியப்பில்லை.

சோதனையின் கோணத்திலிருந்து பார்த்தால், பெட்டகத்தையும் குருத்துவத்தையும் சுகமளிக்கும் கையையும் தெளிவாகக் கண்டு விலக்கியவருக்கு, வியப்பூட்டும் கதையின் இழுப்பு அத்தனை தெளிவாகத் தெரியவில்லை எனலாம். மகரிஷியைப் பற்றியே எல்லாரும் கேட்கிறார்களே என்று அவர் சலித்துக்கொண்டதுண்டு. அந்தக் கதையை மேடைக்குக் கொண்டுவந்தவரும் அவரே. தம் பரவச அனுபவங்களைப் பற்றித் தொடக்கத்தில் தயங்கித் தயங்கிப் பேசியவர், 1926இல் ஆவியுலகத் தரிசனங்களைத் தனி நூலாகவே வெளியிட்டார். அந்நூல் அவருடைய ஆதரவாளர்கள் பலரையும் சங்கடத்தில் ஆழ்த்தியது.

மேற்கிலிருந்து திரும்பியபின் அவருடைய வாழ்வில் ஒரு தலைகீழ் மாற்றம் தெரிகிறது. உடல் தளர்ந்தது, கண்பார்வை மங்கியது, இதயமும் வயிறும் தொல்லை தந்தன. பதினாறு வயதில் தொழுநோயாளருக்குப் பணிசெய்த அதே சபாத்துவில் ஒரு வீடு வாங்கிக் குடியிருந்தார். உருது மொழியில் சிறு நூல்கள் எழுதினார். இயக்கமொன்று தொடங்குமாறும், சீடர்களைச் சேர்த்துக்கொள்ளுமாறும் பலர் வேண்டினர். அவர் பெயரால் ஒரு சபையே எழுந்திருக்கக்கூடும். இந்தியக் கிறிஸ்தவத்தில் அதற்குத் தேவையான கூட்டமும் பணமும் இருந்தன. அவர் இணங்கவில்லை. மலைமேல் காட்டப்பட்ட ராஜ்யங்களுக்கு இணையான சோதனை இதுதான். இதில் அவர் சறுக்கியதற்குத் தடயமே இல்லை. தம்மைத் தாக்கி எழுதியோருக்கு விரிவான மறுப்பு எதையும் அவர் அச்சிடவில்லை.

முன்பு வீட்டைப் பற்றி வந்த எண்ணம் இப்போது முற்றிலும் நியாயமான உருவில் வந்திருக்கும். வயது நாற்பதை நெருங்கியது. மருத்துவர் பயணம் வேண்டாமென்றனர். எழுத்துப் பணி இருந்தது. 1927இல் திபெத்துக்குப் புறப்பட்டு, உடல் இடங்கொடாமல் பாதியில் திரும்ப நேர்ந்தது. 1929 ஏப்ரலில், நண்பர்களுக்குக் கடிதங்கள் எழுதிவிட்டு, யாத்திரிகர் செல்லும் பழைய மலைவழியில் மீண்டும் தனியே புறப்பட்டார். தேடிச் சென்ற நண்பர்களுக்குத் தடயம் எதுவும் கிட்டவில்லை. 1933இல் அரசு அவரை இறந்தவராக அறிவித்தது.